கண்டியில் குறைந்த நீரில் ஓர் அழகிய வீட்டுத்தோட்டம்

வீட்டின் முன்னே பசுமையான தோட்டம் ஒன்று அமைந்திருத்தல் கண்ணுக்கு இன்பமும் மனத்துக்கு அமைதியும் தருவதாகும். கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, அக்குறணை முதலிய பகுதிகளிலும் நாலு பூஞ்செடியாவது இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஆயினும் தைப்பொங்கல் கழிந்து சில கிழமைகளுக்குள் இத்தோட்டங்களுட் பல வாடத் தொடங்குகின்றன. மாசியிற் புற்றரை மஞ்சளாகின்றது. பங்குனியில் செடிகள் இலையுதிர்த்து நிற்கின்றன. அதே நாட்களில் மேட்டுக் குடியிருப்புகளிற் குழாய் நீரின் வேகமும் குறைகின்றது. குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்த நீரைச் செடிக்கு ஊற்றுவதா, அன்றிச் செடியைச் சாகவிடுவதா என வீட்டார் தயங்கி நிற்பதை ஆண்டுதோறும் காண்கின்றோம்.

இந்நிலை தவிர்க்கக்கூடியது. மாசியிற் செடிக்கு வேண்டிய நீரை மாசியில் தேடுதல் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெய்யும் மழையை அப்பொழுதே மண்ணுக்குள் இறக்கி, நிழலாலும் சருகாலும் மூடிக் காத்து வைத்தல் வேண்டும். அதனைச் செய்யும் வழிகளை இப்பிரசுரம் விளக்குகின்றது.

மழைக் கணக்கு

கண்டியில் மழைக்குக் குறைவில்லை. 1961 ஆம் ஆண்டு முதல் 1990 ஆம் ஆண்டு வரையான சராசரியின்படி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,840 மில்லிமீற்றர் மழை இங்கு பெய்கின்றது. ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு இலீற்றர் நீராகும். எனவே 10 பேர்ச் காணி, அஃதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றர் நிலம், ஓராண்டில் நாலரை இலட்சம் இலீற்றருக்கு மேற்பட்ட நீரை வானத்திலிருந்து பெறுகின்றது.

குறை இருப்பது மழையின் அளவில் அன்று. அது பெய்யும் காலத்தில். ஒக்டோபர், நவம்பர் ஆகிய இரு மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 560 மில்லிமீற்றர் பெய்கின்றது. ஆனால் சனவரி, பெப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 225 மில்லிமீற்றரே கிடைக்கின்றது. இது ஆண்டு மழையில் எட்டில் ஒரு பங்காகும். அதுவும் ஒழுங்காகப் பெய்வதில்லை. ஓரிரு நாள் கொட்டிவிட்டுப் பின்னர் பல நாட்கள் வெயில் காய்வதே வழக்கம். குண்டசாலையைக் கடந்து கிழக்கே திகனை, தெல்தெனியப் பக்கம் செல்லச் செல்ல வரட்சி மேலும் மிகுதியாகும்.

ஐப்பசி மழையிற் பெரும்பகுதி நம் வளவில் தங்குவதில்லை. சரிவான நிலத்திலும், இறுகிய மண்ணிலும், சீமெந்திட்ட முற்றத்திலும் விழுந்து கானுக்குள் ஓடி மாவலியைச் சேர்கின்றது. போகும்போது மேல்மண்ணையும் அள்ளிச் செல்கின்றது. பின்னர் அதே மாவலியிலிருந்து கட்டுகஸ்தோட்டையில் நீரெடுத்துச் சுத்திகரித்து, மலைமேல் ஏற்றிக் குழாய் வழியே அனுப்ப, அதனை நாம் காசு கொடுத்து வாங்கிப் புல்லுக்கு ஊற்றுகின்றோம்.

பழைய தோட்டம் கற்பிப்பது

நீர் குறைந்த இடங்களில் அழகிய தோட்டம் அமைக்கும் முறையொன்றை 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகர நீர்வழங்கற் சபையார் வகுத்துப் பெயரிட்டனர். திட்டமிடல், மண்ணைத் திருத்தல், புற்றரையைக் குறைத்தல், நீர்த்தேவை ஒத்த செடிகளைச் சேர்த்து நடுதல், மண்ணை மூடுதல், அளவறிந்து நீரூற்றுதல், ஒழுங்கான பராமரிப்பு என்பன அதன் விதிகள். இவ்விதிகள் எங்கும் பொருந்துவன. ஆனால் அங்குள்ள தோட்டங்களின் படங்களைப் பார்த்து, முற்றம் முழுவதும் சரளைக்கல் கொட்டிக் கள்ளிச்செடி நடுவோர் நம்மிடையே உளர். கண்டிக்கு அது பொருந்தாது. கல் பகல் முழுவதும் வெப்பத்தை ஏற்று வீட்டையும் செடியையும் சுடும். கார்த்திகை மழையிலோ கள்ளியின் அடி அழுகும்.

நமக்கு ஏற்ற முன்மாதிரி வெகுதூரத்தில் இல்லை. கண்டிப் பகுதிக் கிராமத்துப் பழைய வீட்டுத்தோட்டங்களே அது. அவற்றைக் கவனித்துப் பாருங்கள். மேலே பலா, தென்னை, கித்துள், கமுகு ஆகியன நிற்கும். அவற்றின் கீழே சாதிக்காய், கிராம்பு, ஆனைக்கொய்யா முதலியன வளரும். அதற்கும் கீழே கோப்பியும் வாழையும் இருக்கும். மரங்களில் மிளகுக்கொடி படரும். நிலத்தில் மஞ்சள், இஞ்சி, கிழங்கு வகைகள் நிற்கும். யாவற்றுக்கும் அடியில் சருகு மெத்தைபோற் கிடக்கும். வெயில் ஒவ்வொரு தட்டிலும் தடுக்கப்பட்டு நிலத்தை மெலிந்தே சேர்கின்றது. மழைத்துளியும் இலைகளில் தங்கி மெதுவாக இறங்கி மண்ணுட் புகுகின்றது. பெரும்பாலான இத்தோட்டங்களில் எவரும் வாளி எடுத்து நீர் ஊற்றுவதில்லை. அவை பங்குனியிலும் பசுமையாகவே நிற்கின்றன.

சிறிய வளவில் பலாவும் கித்துளும் நடுதல் இயலாது. ஆயினும் மேலே நிழல், நடுவே செடி, நிலத்திற் போர்வை என்னும் முத்தட்டு அமைப்பை 5 பேர்ச் முற்றத்திலும் ஆக்கலாம். அழகும் அதனாலேயே வரும். ஒரே மட்டத்தில் நிரையாக நிற்கும் செடிகளைவிட, உயர்ந்தும் தாழ்ந்தும் அடுக்காக நிற்பனவே கண்ணைக் கவர்வன.

நிலத்தை மூன்றாகப் பிரித்தல்

மண்வெட்டியை எடுக்குமுன் ஒரு தாளில் வளவை வரைந்துகொள்க. காலை வெயில் படும் இடம், பிற்பகல் வெயில் சுடும் இடம், மழைநீர் வந்து விழும் இடம், அது வெளியேறும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. பின்னர் நீர்த்தேவைக்கு ஏற்ப நிலத்தை மூன்று பகுதியாக்குக.

முதற் பகுதி, சமையலறைக் கதவின் அருகில் இருப்பது. நாளாந்தம் நீர் வேண்டிய கீரை, கறிமிளகாய், தக்காளி, வல்லாரை, பொன்னாங்காணி ஆகியன இங்கே இருத்தல் வேண்டும். இப்பகுதி 4 சதுர மீற்றருக்கு மேற்படாதிருப்பின் நன்று. அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் இதற்குப் பெரும்பாலும் போதும்.

இரண்டாம் பகுதி, வாயிலுக்கும் வழிநடைக்கும் அருகில் உள்ளது. பூஞ்செடிகளும் சிறு கனிமரங்களும் இதற்குரியன. வரட்சி மாதங்களில் மட்டும் 5 நாளுக்கு ஒருமுறை இதற்கு நீர் வேண்டும்.

மூன்றாம் பகுதி, வேலியோரமும் சரிவும். நட்ட முதலாண்டு மட்டும் கவனித்து, பின்னர் மழையை மட்டும் நம்பி வாழக்கூடிய மரங்களும் செடிகளும் இங்கு இருத்தல் வேண்டும்.

பல வீடுகளில் நீர் வீணாவது இவ்வொழுங்கு இன்மையாலேயே. வல்லாரைக்கு அருகிற் கற்றாழையை நட்டால், ஒன்றுக்கு ஊற்றும் நீர் மற்றதற்கு நோயாகும்.

சரிவில் நீரை நிறுத்துதல்

கண்டியில் சமதரை வளவு அரிது. சரிவின் போக்கிலேயே பாத்தி கோலினால் ஒவ்வொரு பாத்தியும் ஒரு வாய்க்காலாகும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் அமைந்த கோட்டைப் பின்பற்றியே பாத்தியும் செடிநிரையும் அமைத்தல் வேண்டும்.

மட்டக்கோட்டை அறியக் கருவி வாங்க வேண்டியதில்லை. 6 அடி நீளமான இரு தடிகளை நுனியில் ஒன்றாகக் கட்டிக் கால்களை அகற்றி நிறுத்துக. நடுவே குறுக்குத்தடி ஒன்றைக் கட்டுக. நுனியிலிருந்து கல் கட்டிய நூலைக் குறுக்குத்தடிக்குக் கீழே வரை தொங்கவிடுக. இச்சட்டத்தை ஏதேனும் ஓரிடத்தில் நிறுத்தி, நூல் குறுக்குத்தடியைத் தொடும் இடத்தைக் குறிக்க. பின்னர் அதே இரு புள்ளிகளிற் கால்களை மாற்றி வைத்து மீண்டும் குறிக்க. இரு குறிகளுக்கும் நடுப்புள்ளியே மட்டக்குறியாகும். சட்டத்தைச் சரிவிற் கால்மாற்றி நகர்த்தி, நூல் நடுக்குறியில் நிற்கும் இடமெல்லாம் முளை அடித்துச் சென்றால் மட்டக்கோடு கிடைக்கும்.

அக்கோட்டின் வழியே கல் அடுக்கலாம். கல் இல்லாதவிடத்து வெட்டிவேரை நெருக்கமாக நடுக. அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும். அடர்ந்த தூர்கள் ஓடிவரும் மண்ணைத் தடுத்து, நாளடைவில் ஒரு படியை உண்டாக்கும். அன்னாசியையும் இவ்வாறே நிரையாக நடலாம். அது வரட்சியைத் தாங்கும், அழகிய ஓரமாகும், பழமும் தரும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. மிதமான சரிவில் நீரை மண்ணுட் புகவிடுதல் நன்மையாகும். வீட்டின் பின்னே செங்குத்தாக வெட்டிய மண்மேடு இருப்பின், அதன் மேலே குழி தோண்டி நீரைத் தேக்குதல் பேராபத்து. 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் கண்டி மாவட்டத்தின் பல இடங்களில் மண்சரிந்து பலர் உயிரிழந்தனர். அதை நாம் மறத்தலாகாது. அத்தகைய மேட்டில் நீர் தேங்காமற் கானமைத்துப் பாதுகாப்பான இடத்துக்கு வெளியேற்றுதலே முறை. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கசியும் கலங்கல் நீர் ஆகியவற்றைக் கண்டால் தோட்டவேலையை நிறுத்திவிட்டு, அவ்விடத்தினின்று விலகி, கிராம அலுவலருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவித்தல் வேண்டும்.

மண்ணைத் திருத்தலும் நடுகையும்

வீடு கட்டுவதற்காக மேட்டை வெட்டிய வளவுகளில் மேல்மண் போய், இறுகிய செந்நிற அடிமண்ணே எஞ்சியிருக்கும். இதில் மழை ஊறாது, வேரும் இறங்காது. இத்தகைய மண்ணை ஓர் அடி ஆழத்துக்குக் கொத்தி, சதுர மீற்றருக்கு ஒரு வாளி வீதம் நன்கு மக்கிய கூட்டெருவைக் கலத்தல் வேண்டும். சேதனப் பொருள் நீரைப் பிடித்து வைத்து வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும்.

பூஞ்செடிகளுக்கு ஒன்றரை அடியும், கனிமரங்களுக்கு இரண்டு அடியும் நீளம், அகலம், ஆழம் உடைய குழிகளைத் தோண்டுக. மேல்மண்ணைத் தனியே வைத்துக் கூட்டெருவோடு கலந்து குழியை நிரப்புக. கனிமரக் குழியின் அடியிற் பொச்சுமட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே இருக்க ஓர் அடுக்குப் பரப்பி மண்ணிட்டு மூடினால், அவை மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து வரட்சியில் உதவும்.

நடுகைக்கு உரிய காலம் ஒக்டோபர் மாதமாகும். மழை ஊன்றித் தொடங்கி மண் ஓர் அடிக்கு நனைந்ததும் நடுக. அவ்வாறு நட்ட செடி தை பிறக்குமுன் மூன்று மாத மழையைக் கண்டு, வேரை ஆழத்தில் இறக்கிவிடும். தவறியவர்கள் சித்திரை மழையோடு நடலாம். பொங்கலுக்கு வாங்கிய செடியைத் தை மாதத்தில் நடுதல், குழந்தையைப் பட்டினிக் காலத்திற் பெறுவதை ஒக்கும்.

ஏற்ற செடிகள்

நிழல் தரும் மேல்தட்டுக்குச் சிறு வளவில் கொய்யா, நெல்லி, மாதுளை, தேசி ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ போதும். அதனைப் பிற்பகல் வெயில் வரும் மேற்குப் பக்கத்தில் நடுக. மரநிழல் சுவரிலும் முற்றத்திலும் விழ, வீடும் குளிரும். வேலிக்குக் கிளிரிசீடியா நன்று. தடியை ஊன்றினாலே தளிர்க்கும். அதில் மிளகைப் படரவிடலாம். வெட்டும் தழை பசளையும் போர்வையும் ஆகும்.

நடுத்தட்டுக்குச் செவ்வரத்தை, நந்தியாவட்டை, வெட்சி, போகன்விலா, குரோட்டன், கறிவேப்பிலை ஆகியன தகும். வேரூன்றிய பின்னர் இவை வரட்சியைத் தாங்குவன. போகன்விலா நீர் மிகுந்தால் இலையையே பெருக்கும். மண் காய்ந்தபோதே பூவைச் சொரியும். குரோட்டனின் பல்நிற இலைகள் பூவில்லாத மாதங்களிலும் தோட்டத்துக்கு வண்ணம் தரும்.

கீழ்த்தட்டில், வெயில் படும் இடத்துக்குப் பட்டிப்பூவும் பத்துமணிப்பூவும் ஏற்றவை. அரைநிழலுக்கு மருள் ஏற்றது. எலுமிச்சம்புல்லைப் படிக்கட்டின் இருபுறமும் நட்டால் அழகும் மணமும் ஒருங்கே கிடைக்கும்.

செடி வாங்குமுன், அது முழுவளர்ச்சியில் எவ்வளவு இடம் கொள்ளும் என்பதை அறிதல் வேண்டும். 1821 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குச் சென்று, வளர்ந்த மரஞ்செடிகளைக் கண்ணாற் கண்டு தெரிவு செய்யலாம். கன்னொறுவையில் உள்ள விவசாயத் தொழினுட்பப் பூங்காவிலும் தோட்ட அமைப்புகளைப் பார்வையிடலாம்.

வரட்சியைத் தாங்கும் செடி யாவும் நல்ல செடி அல்ல. நாயுண்ணி பலநிறப் பூவால் மயக்கும். ஆனால் பறவைகளால் விதை பரவி அயற்காட்டை அடைத்துவிடும். அதனை நடாதீர்கள். அலரி நஞ்சுடையது, சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம்.

புற்றரை

வீட்டுத்தோட்டத்தில் நீரை மிகுதியாக உண்பது புற்றரையே. வெயில் நாளொன்றில் அது ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் நீரை இழக்கின்றது. 50 சதுர மீற்றர் புல்லுக்கு நாளொன்றுக்கு 200 இலீற்றரும், மாதத்துக்கு 6,000 இலீற்றரும் வேண்டும் என்பது கணக்கு. இனி, இரண்டாம் பகுதியில் 20 செடிகள் இருப்பதாகக் கொள்வோம். செடியொன்றுக்கு 5 நாளுக்கு ஒருமுறை 5 இலீற்றர் வீதம் ஊற்றினால் மாதத்துக்கு 600 இலீற்றரே செலவாகும்.

ஆகவே பிள்ளைகள் விளையாடவும் நாலுபேர் அமரவும் போதிய அளவு புல்லை மட்டும் வைத்துக்கொள்க. எஞ்சிய இடத்தில் மஞ்சட் பூப் பூக்கும் படர் நிலக்கடலையை நடலாம். அது நிலத்தோடு படர்ந்து பச்சைக் கம்பளம் போல் மூடும்; அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை; அவரை இனமாதலால் மண்ணையும் வளமாக்கும். வைத்திருக்கும் புல்லையும் மாசியில் ஒட்ட வெட்டாது மூன்று அங்குல உயரத்தில் விடுக. அது மஞ்சளானால் அஞ்ச வேண்டாம். சித்திரை மழை கண்டதும் மீண்டும் தளிர்க்கும். குடிநீரை அதற்கு ஊற்றுதல் தகாது.

மண்ணுக்குப் போர்வை

இப்பிரசுரத்திற் கூறியவற்றுள் ஒன்றை மட்டும் செய்ய முடியுமாயின், இதனைச் செய்யுங்கள். வெறும் மண்ணில் வெயில் படவிடாதீர்கள்.

பலாவிலை, கிளிரிசீடியாத் தழை, வைக்கோல், காய்ந்த புல், வாழைச்சருகு ஆகிய எதுவும் போர்வைக்கு ஆகும். மழை நிற்குமுன், மார்கழிக்குள், ஈரமண்ணின்மேல் மூன்று அங்குலம் முதல் நாலு அங்குலம் வரை பரப்புக. காய்ந்த மண்ணின்மேல் பரப்பினால், பின்னர் வரும் சிறுமழை போர்வையிலேயே தங்கிவிடும். செடியின் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விடுக. இல்லையேல் பட்டை அழுகும். கறையான் வரும் இடங்களிற் காய்ந்த தடிகளையும் பட்டைகளையும் தவிர்த்துப் பச்சைத் தழையையே இடுதல் நன்று. வாரத்துக்கு ஒருமுறை போர்வையைக் கிளறி நத்தைகள் இருப்பின் பொறுக்கி அழித்தல் வேண்டும்.

முற்றத்தைக் கூட்டிச் சருகைக் குவித்துத் தீ வைப்பது பலரது வழக்கம். அவ்வாறு செய்தல் தோட்டத்தின் உணவையும் உடையையும் ஒருங்கே எரிப்பதாகும். வரட்சியில் மலைச்சரிவுப் புல்வெளிகளுக்குத் தீ பரவுவதும் உண்டு. பார்வைக்கு ஒழுங்கு வேண்டுமெனின், போர்வையின் ஓரத்திற் கல் அடுக்கிக் கரைகட்டுங்கள். சருகு குப்பையாகத் தோன்றாது. பாத்தி திருத்தமாகத் தோன்றும்.

நீரூற்றும் முறை

இதில் நான் செய்த பிழையையே எடுத்துக்காட்டாகக் கூறுகின்றேன். இப்பகுதிக்கு மாற்றலாகி வந்த முதலாண்டில், வாடகை வீட்டின் முன்னே செவ்வந்தியும் சீனியாவும் நட்டு, மாலைதோறும் பூவாளியால் இலை நனையத் தெளித்து வந்தேன். பண்ணைப் பாடசாலையிற் பயின்றவன் வளர்க்கும் செடிகள் என்று அயலார் பாராட்டவும் செய்தனர். மாசியில் நாலு நாள் ஊருக்குப் போய் மீண்டபோது அவை யாவும் தலைசாய்ந்து கிடந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுவதும் மேல் இரண்டு அங்குல மண்ணிலேயே பாய்போற் படர்ந்திருந்தது. நாள்தோறும் மேலே சிறிது ஈரம் கிடைத்தமையால், கீழே இறங்க வேண்டிய தேவை அவ்வேருக்கு இருக்கவில்லை.

பக்கத்து வளவில் ஒரு மூதாட்டியார் இருந்தார். அவர் ஒரு நாளும் பூவாளி எடுத்ததை நான் கண்டதில்லை. தம் முற்றத்துச் சருகில் ஒன்றையும் அவர் வெளியே எறிந்ததும் இல்லை. அவருடைய செவ்வரத்தையும் கறிவேப்பிலையும் அன்றும் வாடாது நின்றன. பாடசாலையிற் படித்த பாடத்தை அவருடைய வேலியருகே நின்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

எனவே நாள்தோறும் சிறிது ஊற்றாது, இடைவிட்டு நிறைய ஊற்றுங்கள். செடியைச் சுற்றிக் கிண்ணம்போல் மண் அணைத்து, அதில் 5 இலீற்றரை மெதுவாக விடுக. காலை 8 மணிக்கு முன் ஊற்றுதல் சிறந்தது. நண்பகலில் ஊற்றினால் ஒரு பகுதி ஆவியாகும். இரவில் இலை நனைந்திருந்தாற் பூஞ்சண நோய் வரும். ஊற்றுமுன் போர்வையை விலக்கி மண்ணில் விரலை நுழைத்துப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழத்தில் ஈரம் இருப்பின் அன்று நீர் வேண்டாம்.

காய்கறிப் பாத்தியில் வண்ணம் பூசாத மண்முட்டி ஒன்றைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடி வைக்கலாம். முட்டியின் சுவர்வழியே நீர் கசிந்து வேரை அடையும். மேல்மண் நனையாதபடியால் களையும் குறையும். சில நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும்.

கூரை நீர்

100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,000 இலீற்றர் விழும். சிந்தியது போக 800 இலீற்றரையாவது சேர்க்கலாம். இம்முறையை ஊக்குவிக்க அரசாங்கம் 2005 ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்புக் கொள்கையொன்றை வகுத்தது.

முன்னர் கூறிய 20 செடிகளுக்கு மாதம் 600 இலீற்றரும், சமையலறைப் பாத்திக்கு ஏறத்தாழ 500 இலீற்றரும் வேண்டும். கழுவிய நீரையும் பயன்படுத்தினால், 1,000 இலீற்றர் நீர்த்தாங்கி ஒன்று மழையே இல்லாத ஒரு மாதத்தைக் கடத்திவிடும். மாசியிற் பெய்யும் இரண்டொரு மழையே அதனை மீண்டும் நிரப்பும்.

கூரைப் பீலியைப் புரட்டாதியிற் துப்புரவு செய்க. நெடுநாளின் பின் வரும் முதல் மழையின் நீரைத் தாங்கியுள் விடாது வெளியே விடுக. அதில் தூசும் பறவை எச்சமும் இருக்கும். நுளம்பு புகாதபடி தாங்கியின் வாயை வலையால் இறுகக் கட்டி மூடுதல் இன்றியமையாதது. டெங்கு நுளம்பு பெருகுவது இத்தகைய தெளிந்த நீரிலேயே. நுளம்பு பெருக இடம் கொடுத்தல் 2007 ஆம் ஆண்டின் நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். மூடியில்லாத முட்டி, பூச்சாடித் தட்டு, வெற்றுத் தகரம், அடைபட்ட பீலி ஆகியவற்றையும் வாரந்தோறும் பார்வையிடுக.

ஆண்டு வேலை அட்டவணை

ஆவணி, புரட்டாதி: வளவை வரைதல், மட்டக்கோடு இடுதல், குழி தோண்டல், கூட்டெரு சேர்த்தல், பீலி துப்புரவாக்கல்.

ஐப்பசி, கார்த்திகை: நடுகை, நீர் ஓடும் வழிகளைக் கவனித்துத் திருத்தல், தாங்கியை நிரப்புதல்.

மார்கழி: போர்வை இடுதல், களை பிடுங்கல்.

தை, மாசி, பங்குனி: ஆழ நீரூற்றல், போர்வை குறைந்த இடத்தை நிரப்பல், புதிய நடுகையும் கடுமையாகக் கத்தரித்தலும் செய்யாதிருத்தல்.

சித்திரை: மழை கண்டபின் கத்தரித்தல், பசளையிடல், இறந்த செடிக்குப் பதில் நடுதல்.

இவை யாவற்றையும் ஒரே ஆண்டிற் செய்து முடிக்க வேண்டுமென்பதில்லை. இவ்வாண்டு ஒரு மரமும், ஒரு மட்டக்கோடும், ஒரு சாக்குச் சருகும் கொண்டு தொடங்குங்கள். வரும் பங்குனியில் போர்வையை விலக்கி மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஐப்பசி மழையின் ஈரம் உங்கள் விரலில் ஒட்டுமாயின், வேலை சரியாக நடந்திருக்கின்றது. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் சந்தித்துக் கேட்கலாம்.